பவர் பேங்க் என்று சொல்லிக் கொண்டுவருகிறார்கள்: ராமநாதபுரம் மாவட்ட நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும் காவல்துறை, பள்ளிக்கல்வித் துறை, சுகாதாரத் துறை அதிகாரிகளுக்கும்,

வணக்கம். புகையிலையை எரிக்காமல் சூடாக்கி இழுக்கிற ஒரு கருவியைப் பவர் பேங்க் என்று சொல்லி நம் பிள்ளைகள் வைத்திருக்கிறார்கள், அதைப் பற்றித்தான் இந்த மடல். நான் மண்டபத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். போர்டில் செல்போன் என்றுதான் எழுதியிருக்கிறது, ஆனால் இந்தக் கரையில் பேட்டரி போட்டு ஓடுகிற எது நின்றுபோனாலும் என் மேசைக்குத்தான் வரும். விசைப்படகு ஜிபிஎஸ், ஆழமும் மீனும் காட்டுகிற எக்கோ, வாக்கி டாக்கி, டார்ச், பிள்ளைகளின் பொம்மைக் கார் வரைக்கும். உப்புக்காற்றில் பாதிப் பொருளுக்கு உள்ளே பச்சை பூத்திருக்கும், பிரஷ்ஷும் ஸ்பிரிட்டும் வைத்துத் தேய்த்தாலே பல உயிர் வந்துவிடும். இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம், நான் டாக்டரும் இல்லை வக்கீலும் இல்லை, கையில் எடுத்துத் திறந்து பார்த்ததை வைத்து எழுதுகிறேன் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

போன வருடம் மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது என்பதால் ஜிபிஎஸ் செட்டெல்லாம் கழற்றிக்கொண்டு வந்து கடையில் போட்டுவிடுவார்கள், எனக்குத் தலை நிமிர நேரம் இருக்காது. அந்தக் கூட்டத்தில் ஒரு பையன் வந்தான். பிளஸ் ஒன் முடித்திருப்பான். "அண்ணே, பவர் பேங்க். சார்ஜ் ஏறுது, ஆனா ஆன் ஆகமாட்டேங்குது" என்று ஒன்றை நீட்டினான். உள்ளங்கைக்குள் அடங்குகிற சைஸ், வழவழவென்று நல்ல வேலைப்பாடு, மேலே ஒரு ஓட்டை. சுண்டுவிரல் நுனிகூட முழுசாக நுழையாது. இது எதற்கு என்று கேட்டேன். "டார்ச் மாட்டுற இடம்ணே" என்றான். வேலை அவசரத்தில் நானும் மேற்கொண்டு கேட்கவில்லை.

மறுநாள் திறந்தேன். ஓரத்தில் நெம்பும்போது ஸ்க்ரூ டிரைவர் வழுக்கி அடிப்பக்கம் ஒரு கீறல் விழுந்துவிட்டது, அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும். உள்ளே போர்டு சுத்தமாக இருந்தது, பேட்டரியும் சரியாகத்தான் இருந்தது. பவர் பேங்குக்கு இவ்வளவு வேலை எதற்கு என்றுதான் முதலில் தோன்றியது. டார்ச் வைத்து அந்த ஓட்டைக்குள் பார்த்தால் பக்கச் சுவரில் கடுகளவுக்கு ஒரு கறுப்புக் கண்ணாடி. அதன்மேல் கருப்பட்டிப் பாகு சிந்திக் காய்ந்த மாதிரி பழுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. இயர் பட்ஸில் ஸ்பிரிட் தொட்டு நாலு தடவை துடைத்தேன். அப்புறம் ஒரு சந்தேகம் வந்து, கருவியை ஆன் செய்துவிட்டு என் போனின் செல்ஃபி கேமராவை அந்த ஓட்டைக்கு நேரே பிடித்தேன். வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, கேமராத் திரையில் மட்டும் ஊதா நிறத்தில் ஒரு புள்ளி மினுக்கியது. டிவி ரிமோட்டைக் கேமரா முன்னால் பிடித்து அழுத்தினால் தெரியுமே, அதே அகச்சிவப்பு ஒளி. போனைக் காதில் வைத்ததும் திரை அணைந்துபோகிறதல்லவா, அதற்குக் காது ஓட்டைப் பக்கத்தில் இருக்கிற சென்சாரும் ஏறத்தாழ இதே வேலையைத்தான் செய்கிறது: ஒளியை அனுப்பு, எவ்வளவு திரும்பி வருகிறது என்று பார். இந்தக் கருவி எதையோ பார்ப்பதற்குத்தான் இருக்கிறது, எதைப் பார்க்கிறது என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

பையன் சாயங்காலம் வந்தான். சரியாகிவிட்டது, பார்த்துக்கொள் என்று கொடுத்தேன். சட்டைப் பையிலிருந்து சிகரெட்டில் பாதி நீளத்துக்கு ஒரு வெள்ளைக் குச்சி எடுத்து ஓட்டைக்குள் செருகினான். கருவி லேசாக அதிர்ந்தது, பக்கத்தில் வெளிச்சம் ஓடியது. எனக்கு அப்போதுதான் விளங்கியது. கடையில் வேறு ஆட்கள் இருந்தார்கள், அவன் சட்டென்று குச்சியை உருவிக்கொண்டு நூற்றைம்பது ரூபாயை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டான். நான் கூப்பிட்டிருக்கலாம், கூப்பிடவில்லை. அந்த நூற்றைம்பது ரூபாய் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.

அதற்குப் பிறகு இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். இது திரவத்தைச் சூடாக்கி ஆவி விடுகிற வேப் வகை இல்லை. குச்சிக்குள் இருப்பது அசல் புகையிலை. சிகரெட்டில் நெருப்பு வைத்து இழுக்கும்போது நுனியில் 800, 900 டிகிரி வரை சூடு ஏறும், இதிலோ எரிய விடாமல் 350 டிகிரி அளவிலேயே நிறுத்திச் சூடாக்கி அந்த ஆவியை இழுக்கிறார்கள். சாம்பல் விழாது, வாடையும் குறைவு. ஜப்பானிலும் இத்தாலியிலும் 2014-இல் ஐகாஸ் என்ற பெயரில் ஒன்று வந்தது, அதைப் பார்த்து மற்ற பெரிய சிகரெட் கம்பெனிகளும் ஆளுக்கொன்று கொண்டுவந்தன.

இதில் ஒளியால் பார்க்கிற வகை எப்படி வேலை செய்கிறது என்பதைக் கம்பெனிகள் தங்கள் காப்புரிமை ஆவணங்களிலேயே விலாவாரியாக எழுதி வைத்திருக்கின்றன, யார் வேண்டுமானாலும் படிக்கலாம். குச்சியின் காகிதத்தில் ஒரு குறி இருக்கும். சுற்றிலும் கோடாக இருக்கலாம், பட்டையாக இருக்கலாம், கண்ணுக்கே தெரியாத மையில் அச்சடித்ததாகவும் இருக்கலாம். குச்சியைச் செருகியதும் ஓட்டைக்குள் இருக்கிற விளக்கு அதன்மேல் ஒளி பாய்ச்சும், பக்கத்தில் உள்ள சென்சார் திரும்பி வருகிற ஒளியை அளந்து சில்லிடம் சொல்லும், சில்லு தன்னிடம் இருக்கிற கணக்கோடு ஒத்துப் பார்க்கும். ஒத்துப்போனால் அந்த வகைக் குச்சிக்கு எவ்வளவு சூடு, எத்தனை நிமிடம் என்று தானே முடிவு செய்து ஹீட்டரை ஓட்டும். ஒத்துப்போகவில்லையா, சிவப்பு விளக்கு எரியும், ஹீட்டர் அசையாது. பையனின் கருவி ஆன் ஆகாமல் கிடந்ததற்கும் இதுதான் காரணம். கண்ணில் கறை படிந்துவிட்டது, குச்சி அதற்குத் தெரியவில்லை. எல்லாக் கருவியிலும் இப்படிக் கண் இருக்காது, வேறு வழியில் குச்சியை அறிகிறவையும் உண்டு, நோக்கம் ஒன்றுதான்.

கம்பெனிக்காரர்கள் இதற்குச் சொல்லும் காரணம் பாதுகாப்பு. கண்டதையும் செருகிச் சூடாக்கிவிடக் கூடாது, போலிக் குச்சி வரக் கூடாது என்கிறார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் பிரிண்டர் வைத்திருக்கிறவர்களுக்குத் தெரியும், வேறு கம்பெனி கார்ட்ரிட்ஜ் போட்டால் அது ஏன் முரண்டு பிடிக்கிறது என்று. கருவியை ஒருமுறை விற்றுவிட்டால் போதும், அதற்கப்புறம் ஆயுள் முழுக்க அதே குச்சியைத்தான் வாங்கியாக வேண்டும். ஒரு வீட்டுச் சாவியை இன்னொரு வீட்டுப் பூட்டு ஏற்காது என்பது சரி, இங்கே பூட்டு விழுவது பிள்ளைகளின் மூளைக்கு. உள்ளே போவது நிக்கோட்டின், அதை ஒருமுறை பழகிய மூளை மறுபடி மறுபடி கேட்கும், வளர்கிற வயதில் பழகினால் இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும்.

எனக்கு ஆறாதது ஒன்று இருக்கிறது. ஒரு கோட்டின் தடிமனை அளந்து 'இது என் குச்சியா இல்லையா' என்று ஒரு நொடிக்குள் கண்டுபிடிக்கிற அளவுக்கு மூளையைச் செலவழித்திருக்கிறார்கள். என் மேசைக்கு வந்த கருவி அதைப் பிடித்திருக்கிற கை பதினாறு வயசுக் கையா என்று பார்க்கவே இல்லை, தன் குச்சியை மட்டும்தான் பார்த்தது.

சிகரெட்டைவிட இது பரவாயில்லையாமே என்று கடைக்கு வருகிறவர்கள் என்னிடமே சொல்லியிருக்கிறார்கள். அமெரிக்காவில் உணவு, மருந்து, புகையிலையைக் கண்காணிக்கிற அரசு அமைப்பான எஃப்டிஏ 2020-இல் ஒரு கருவிக்குக் கொடுத்த அனுமதியைத்தான் சுற்றிச் சுற்றிச் சொல்கிறார்கள். அதில் இருப்பது இவ்வளவுதான்: முழுக்க இதற்கு மாறிவிட்டால் சில நச்சுப் பொருள்கள் உடம்பில் சேர்வது குறையும் என்று சொல்லிக்கொள்ளலாம். நோய் வரும் ஆபத்து குறையும் என்று சொல்லிக்கொள்ளக் கேட்டார்கள், அதற்கு எஃப்டிஏ ஒப்புக்கொள்ளவில்லை. அதுவும் ஏற்கெனவே சிகரெட் பிடித்துக்கொண்டிருந்த பெரியவர்களுக்கான பேச்சு. நம் கரையில் இதை எடுக்கிற பையன் அதற்கு முன்னால் பீடிகூடத் தொட்டிருக்க மாட்டான்.

சட்டம் உங்களுக்குத் தெரியாதது இல்லை. தமிழ்நாடு 2018-லேயே மின் சிகரெட்டைத் தடை செய்தது, 2019-இல் மத்திய அரசு முதலில் அவசரச் சட்டமும் பிறகு டிசம்பரில் முழுச் சட்டமும் கொண்டுவந்தது. எரிக்காமல் சூடாக்குகிற பொருள்களும் அதில் பெயர் சொல்லியே இருக்கின்றன, என்ன பெயரில் என்ன வடிவத்தில் வந்தாலும் பொருந்தும் என்றும் எழுதியிருக்கிறது. தயாரிப்பு, இறக்குமதி, ஏற்றுமதி, கொண்டுசெல்வது, விற்பது, விநியோகம், விளம்பரம் எல்லாம் குற்றம். முதல் தடவைக்கு ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும், மறுபடி செய்தால் மூன்றாண்டு வரை சிறையும் ஐந்து லட்சம் வரை அபராதமும். இருப்பு வைத்தால் ஆறு மாதம் வரை சிறை அல்லது ஐம்பதாயிரம் வரை அபராதம் அல்லது இரண்டும். சப்-இன்ஸ்பெக்டரும் அதற்கு மேற்பட்டவர்களும் சோதனை போடலாம், பறிமுதல் செய்யலாம். சட்டத்தில் ஓட்டை இருப்பதாக நான் சொல்ல வரவில்லை, இந்தப் பொருள் எதிரே வந்து நின்றால் அடையாளம் தெரிந்துகொள்ள நம்மில் ஆள் இல்லை என்றுதான் சொல்கிறேன்.

ஏனென்று சொல்கிறேன். தடைக்காலம் முடிந்து ஐந்து மாதம் இருக்கும், மழை நாள். கடலில் பாசி எடுக்கப் போகிற அம்மா ஒருவர் கடைக்கு வந்தார். பாறையில் மோதி வெட்டாமல் இருக்க விரலுக்குச் சுற்றுகிற துணியை அவிழ்க்காமலேயே வந்திருந்தார். மடியிலிருந்து ஒன்றை எடுத்து வைத்து, "தம்பி, இது என்னன்னு பாரு. பவர் பேங்குங்குறான். ஒரு நாளும் இதுல போன் சொருகி நான் பாக்கல. ராத்திரி இத வச்சிக்கிட்டு மொட்ட மாடிக்குப் போறான், காசு கேக்குறான், இல்லன்னா சட்டிய ஒடைக்கிறான்" என்றார். திருப்பிப் பார்த்தேன். அடிப்பக்கம் என் ஸ்க்ரூ டிரைவர் போட்ட கீறல்.

அந்த அம்மாவுக்குத் தண்ணீருக்கு அடியில் கலங்கல் வெளிச்சத்தில் மரிக்கொழுந்துப் பாசி எது, கட்டக்கோரை எது என்று விரல் பட்டாலே தெரியும். மீன் வாங்கினால் செவுளைத் தூக்கிப் பார்த்து எத்தனை நாள் ஐஸ் என்று சொல்லிவிடுவார். தன் வீட்டுக்குள் நாலைந்து மாதமாகத் தலையணைக்கு அடியில் கிடந்த இது என்னவென்று அவருக்குத் தெரியவில்லை. எப்படித் தெரியும்? முன்பெல்லாம் பையன் பீடி குடித்துவிட்டு வந்தால் வாசலிலேயே தெரியும், "வாய ஊதுடா" என்றால் முடிந்தது. அம்மாக்கள் மூக்காலேயே காவல் காத்தார்கள். அந்த மூக்குக்கு இதில் வேலையே இல்லாமல் செய்துவிட்டார்கள். இது என்ன, உள்ளே என்ன போகிறது என்று நான் சொல்லி முடித்தபோது அவர் அழவில்லை, "நீதான் இத சரி பண்ணிக் குடுத்தியாமே தம்பி" என்று மட்டும் கேட்டார். ஆமாம்மா என்றேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, குச்சியைச் செருகியபோது தெரிந்துவிட்டதே.

கருவியை என் கடையில் வைத்துக்கொள்ள முடியாது. அவரிடமே திருப்பிக் கொடுக்கவும் மனசில்லை. ஒரு காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனேன், எந்த நிலையம் என்பது இங்கே தேவையில்லை, யாரையும் காட்டிக் கொடுக்க இதை எழுதவில்லை. அங்கே இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது சார்ஜர் மாதிரி இருக்கே, யாரு தொலைச்சது?" என்றார். விளக்கிச் சொன்னேன். புகை வராதா, அப்போது இது எப்படி சிகரெட் என்று கேட்டார். கடைசியில் மேசைமேல் வைத்துவிட்டுப் போகச் சொன்னார். எழுதி வாங்கவும் இல்லை, எனக்கு எழுதிக் கொடுக்கவும் இல்லை. இதே கரையில் கடத்துகிற பீடி இலை மூட்டையோ கடல் அட்டையோ என்றால், இருட்டில் சாக்கின் கனத்தை வைத்தே சொல்லிவிடுகிற காவலர்கள் நமக்கு இருக்கிறார்கள். அந்தத் திறமையை யாரும் புத்தகத்தில் படித்து வாங்கவில்லை, பல தடவை கையில் எடுத்துப் பார்த்துப் பழகியதால் வந்தது. இதை அவர்கள் கையில் யாரும் கொடுத்துக் காட்டியதே இல்லை.

பள்ளிக்கூடத்திலும் இதே கதைதான். புகையிலை இல்லாத கல்வி நிறுவனம் என்று போர்டு இருக்கிறது, வாசலிலிருந்து நூறு கஜத்துக்கு மஞ்சள் கோடு போட வேண்டும் என்று விதியும் இருக்கிறது, பல இடத்தில் போட்டும் இருக்கிறார்கள். கோட்டுக்கு உள்ளே பெட்டிக்கடையில் பீடி விற்பதை அந்தக் கோடு தடுக்கும். பென்சில் பாக்ஸுக்குள் உட்கார்ந்து கோட்டைத் தாண்டி உள்ளேயே போய்விடுகிற பொருளை என்ன செய்வது? எனக்குத் தெரிந்த ஆசிரியர் ஒருவர், வகுப்பில் ஒரு பையன் யூஎஸ்பி சார்ஜ் போட அனுமதி கேட்டபோது தானே பிளக்கைக் காட்டினேன் என்று பிறகு சொல்லி வருத்தப்பட்டார்.

பொருள் எப்படி வருகிறது என்று நீங்கள் கேட்பீர்கள். பெரிய கடத்தல் கதையெல்லாம் எனக்குத் தெரியாது, தெரிந்த மாதிரி எழுதவும் மாட்டேன். என் காதில் விழுந்தது எல்லாம் சின்ன விஷயம்தான். வெளிநாட்டிலிருந்து லீவில் வருகிறவர் பெட்டியில் ஒன்று வாங்கி வருகிறார். துபாயில் கடையில் வெளிப்படையாக விற்கிறார்கள், அங்கே வாங்கியது இங்கே குற்றம் என்று பலருக்குத் தெரியவே தெரியாது. சிங்கப்பூர் போய் வருகிறவர்களுக்குத் தெரியும், அங்கே 2018-லிருந்து கையில் வைத்திருப்பதே குற்றம். அண்ணன் வாங்கி வந்தது தம்பி கைக்குப் போகிறது, தம்பியின் கூட்டாளி காசு கொடுத்துக் குச்சி கேட்கிறான், அடுத்த தடவை அண்ணன் பத்து பாக்கெட்டாக வாங்கி வருகிறார். அங்கேதான் வீட்டுப் பழக்கம் வியாபாரமாகிறது, அங்கேதான் நீங்கள் தடுக்க வேண்டும்.

சரி, என்ன செய்யச் சொல்கிறாய் என்றால், நான் கேட்பது பணம் செலவாகிற காரியம் இல்லை. பறிமுதல் செய்த கருவிகள் எங்கேயாவது உங்கள் வசம் இருக்கும். அதில் நாலு வகையை எடுத்து, தொண்டியிலிருந்து தேவிபட்டினம், மண்டபம், ராமேஸ்வரம், கீழக்கரை, வாலிநோக்கம், மூக்கையூர் வரைக்கும் ஒவ்வொரு ஊரிலும் ஒரு நாள், ஆசிரியர்கள், காவலர்கள், கிராம சுகாதார செவிலியர்கள், ஊர்ப் பெரியவர்கள், ஜமாத்தார், பங்குப் பேரவையினர், மகளிர் குழு எல்லாரையும் உட்கார வைத்து, அவர்கள் கையிலேயே கொடுத்துக் காட்டுங்கள். படம் போட்ட நோட்டீஸ் போதாது, படத்தில் இது பவர் பேங்க் மாதிரியேதான் இருக்கும். ஓட்டையைக் காட்டுங்கள், குச்சியைக் காட்டுங்கள், குச்சியில் உள்ள கோட்டைக் காட்டுங்கள். பாசிக்குப் போகிற பெண்களை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள், அவர்களுக்குக் கடல் வற்றுகிற நேரம் பார்த்து நேரம் குறியுங்கள்.

எங்களை மாதிரி செல்போன் கடைக்காரர்களுக்குத் தனியாக ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். இது ரிப்பேர் ஆனால் எங்களிடம்தான் வரும். கண்ணாடியில் கறை படியும், படிந்தால் கருவி குச்சியை ஏற்காது, பையன் நேரே கடைக்கு வருவான். இதைத் தொடக் கூடாது, வந்தால் இன்னாரிடம் சொல்ல வேண்டும் என்று தெரிந்தால் நாங்கள் தொட மாட்டோம். யாரிடம் சொல்வது என்று ஒரு ஆளைக் காட்டுங்கள், அவர் இதைச் சார்ஜர் என்று சொல்லாதவராக இருக்கட்டும்.

இன்னொன்று, இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். பிடிபடுகிற பையன்களை அடித்து, டிசி கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். டிசி வாங்கிய பையன் மறுநாள் படகில் ஏறிவிடுவான், படிப்பு அதோடு முடிந்தது, கருவி மட்டும் அவன் கூடவே கடலுக்குப் போகும். விற்றவரைப் பிடியுங்கள், பெட்டியில் கொண்டு வந்தவரைக் கேளுங்கள். பையனை மாவட்டப் புகையிலைக் கட்டுப்பாட்டுப் பிரிவுக்கோ அரசு மருத்துவமனைக்கோ அனுப்பி யாராவது உட்கார்ந்து பேசச் சொல்லுங்கள். விட நினைக்கிறவர்களுக்கு 1800-11-2356 என்று கட்டணமில்லாத எண் இருக்கிறது, சிகரெட் பாக்கெட்டில்கூட அச்சடித்திருக்கிறார்கள். இந்தக் குச்சி வருவதோ வெளிநாட்டு பாக்கெட்டில், அதில் அந்த எண் இருக்காது. பள்ளிச் சுவரிலும் மீன் இறங்குதளத்திலும் அதை எழுதிப் போடுங்கள்.

குப்பையையும் சொல்லிவிடுகிறேன். இதில் சில வகைக் குச்சிகளுக்குள் மெல்லிய உலோகத் தகடு ஒன்று இருக்கும், அதைச் சூடாக்கித்தான் புகையிலை சூடாகும். குச்சியைக் கரையில் தூக்கிப் போட்டால் காகிதம் ஊறிப் பிரிந்து தகடு மணலில் நிற்கும். எங்கள் கரையில் பிள்ளைகள் செருப்புப் போடாமல்தான் ஓடுவார்கள், கைக்குழந்தை கிடைத்ததை வாயில் போடும். பழைய கருவிக்குள் இருப்பது லித்தியம் பேட்டரி, அதுவும் மன்னார் வளைகுடாவில் போய்ச் சேர வேண்டியதில்லை.

அந்த அம்மாவின் மகன் இப்போது வாரத்தில் இரண்டு நாள் என் கடைக்கு வருகிறான். நான்தான் வரச் சொன்னேன். சால்டரிங் பிடிக்கச் சொல்லிக் கொடுக்கிறேன், கை நடுங்குகிறது, அது வேலை புதிது என்பதாலா வேறு காரணமா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டால் "விட்டுட்டேன்ணே" என்கிறான். நம்புகிறேன், ஆனாலும் அவன் பையில் என்ன இருக்கிறது என்று கண் போகிறது.

நீங்கள் கூட்டம் போடுவதாக இருந்தால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள், கடையை மூடிவிட்டு வருகிறேன். தடைக்காலமாக இருந்தாலும் வருகிறேன். கருவி எப்படிக் குச்சியைப் பார்க்கிறது என்று பத்து நிமிடத்தில் எல்லாருக்கும் காட்டிவிடுவேன், அந்த ஊதாப் புள்ளியை அம்மாக்கள் தங்கள் கண்ணாலேயே பார்க்கட்டும். போன் நான் கொண்டுவருகிறேன். கருவியை மட்டும் நீங்கள் கொண்டுவர வேண்டும்.

இப்படிக்கு,
மண்டபத்தில் செல்போன் கடை வைத்திருப்பவன்